கறார் அக்காவின் செக்

இன்று யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஆபீஸில் இருந்த கறார் அக்காவை!

செட்டிங்கில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால், அக்கா எழுதிய லைப்ரரியில் (பல ப்ரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோடு) இருந்த செக், அதாவது சரிபார்ப்பு, ப்ரோகிராமை ஓடவே விடாது. மேனேஜருக்கு எரிச்சல்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் கடையைச் சாத்துவியா? அந்த செக்கை எடு."

"வினையாயிடும் சார்."

"சொன்னதைச் செய்."

மனசே இல்லாமல் எடுத்தார். பிறகு யாரோ, சோதனை மெசேஜ் வெளியே போகக் கூடாதென்று, செட்டிங்கில் 0 என்ற எண்ணுக்குப் பதில் "வேண்டாம்" என்று எழுத்தாக அடித்துவிட்டார். எந்த எழுத்து இருந்தாலும் ப்ரோகிராமுக்கு அது "சரி"தான். நோயாளிகள் எல்லாருக்கும் "ஆபரேஷன் ரத்து" என்று அந்த சோதனை மெசேஜ் போனது.

வேலை போனது அக்காவுக்கு. அதே செக் திரும்ப வந்தது, மேனேஜர் பெயரில்.

"வயிறு எரியுதுடா தம்பி. என் பிள்ளைக்கு அந்தாளு இனிஷியல் போட்டுக்கிட்டான்."

இன்னும் எந்த ஆபீஸும் அக்காவை எடுக்கவில்லை. ஆள் தேடுகிறவர்கள் கண்ணில் படும்வரை இதைப் பகிருங்களேன்!