கோப்பைக்குள் மூன்று பேர்

போன ஞாயிறு பின்னேரம் நான் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள்... யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்கா ஒன்றில் அப்படியொரு ராட்டினம் இருக்கிறது. பெரிய தட்டு ஒன்று மெதுவாகச் சுற்றும். அதன்மேல் ஆறு கோப்பைகள். ஒவ்வொரு கோப்பையின் நடுவிலும் ஒரு வட்டப் பிடி — அதைக் கையால் திருப்பினால் கோப்பை தனியாகவும் சுழலும்.

அதில் ஏறியே தீருவேன் என்று ஒரு மாதமாக அடம்பிடித்தவள் என் தங்கை மகள் கவினி. எட்டு வயது. வீடு சுன்னாகத்தில். பிறந்ததிலிருந்தே கால்களில் பலமில்லை. வோக்கரை ஊன்றித்தான் நடப்பாள்.

"உது பிள்ளைக்கு ஏலாது, சாந்தி. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்று புறப்படும்போதே தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவள் கேட்டது கடற்கரை இல்லை, அக்கா" என்றாள் சாந்தி. அவ்வளவுதான். ஓட்டோ வந்துவிட்டது.

வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. ராட்டினத்தை இயக்குபவருக்கு நாற்பது வயதிருக்கும். வோக்கரைப் பார்த்தார். கவினியைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்:

"அம்மா, குறை நினையாதேங்கோ. இந்தப் பிள்ளைக்கு ஏலாது. சுத்தேக்கை சறுக்கி விழுந்தால் நான் என்ன செய்யிறது?"

கெட்ட மனிதர் அல்ல. குரலில் உண்மையான பயம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. சாந்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். சண்டை பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை... குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்கள் பயப்பிடுறது சரி, அண்ணை. இப்ப ஓட விடாதேங்கோ. முதல்லை சும்மா இருத்திப் பாப்பம். பிறகு சொல்லுங்கோ, ஏலுமோ ஏலாதோ எண்டு."

அவர் தயங்கினார். அப்போதுதான் கவினி வாயைத் திறந்தாள்.

"அங்கிள், எனக்குக் கால்தானே ஏலாது? உது கையாலைதானே சுத்துறது?"

அந்த மனிதர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். வாசல் சங்கிலியைக் கழற்றினார்.

சாந்தி மகளைத் தூக்கிக் கோப்பைக்குள் இருத்தினாள். அவர் கோப்பையை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினார். இடமாகத் திருப்பினார், வலமாகத் திருப்பினார். கவினி பிடியை விடவில்லை. கொஞ்சமும் சரியவில்லை.

"சரி. ஆனால் ரண்டு பக்கமும் பெரிய ஆக்கள் இருக்கவேணும். இல்லாட்டி ஓடமாட்டன்."

ஒரு பக்கம் சாந்தி. மறுபக்கம்? பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தாலே தலை சுற்றுகிறவள் நான். சாந்தி என்னைப் பார்த்தாள். ஏறினேன்.

மெதுவாகத்தான் தொடங்கியது. மற்றக் கோப்பைகளில் பிள்ளைகள் முக்கி முனகிப் பிடியைத் திருப்பினார்கள். கவினி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். வருஷக்கணக்காகத் தன் உடம்பையே தாங்கி நடக்கும் கைகள் அல்லவா அவை? அவற்றுக்கு எவ்வளவு பலம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் கோப்பை பறந்தது!

"காணும் பிள்ளை... மெதுவா!"

"பெரியம்மா, கண்ணை மூடாதேங்கோ! பாருங்கோ!"

பார்த்தேன். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

'ஏலாது' — எவ்வளவு வசதியான சொல்! சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யோசிக்கவே தேவையில்லை. அவர் அதைப் பயத்தில் சொன்னார். நான் அன்பு என்று நினைத்துச் சொன்னேன். இரண்டு பேருமே கவினியிடம் கேட்கவில்லை.

இறங்கியதும் நான் ஓரத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டேன். கவினி நேரே வரிசையின் கடைசிக்குப் போனாள். சாந்தி பின்னால் ஓடினாள். முன்னால் நின்ற ஒரு சிறுமி தன் தாயை இழுத்தாள்.

"அம்மா, நாங்களும் அந்த அக்காவோடை ஏறுவம். அவதான் நல்ல ஸ்பீட்!"

இந்த முறை இயக்குபவர் வோக்கரைத் தானே வாங்கி ஓரமாக வைத்தார். கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"எந்தக் கோப்பை வேணும், பிள்ளை?"