கொப்புளத்துக்குள் இருந்த உப்பு

சிவஞானம் இறந்துபோன செய்தியைப் பெயிண்டர் சூசைதான் என்னிடம் கொண்டுவந்தார். பட்டறையில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் பெயிண்டுக் கறையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ஐயா, நம்ம கெமிஸ்ட் ஐயா போயிட்டாவளாம். காய்ச்சல்ல நாலு நாள்தான் கெடந்தாவளாம்" என்றார். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர். எமனுக்குக் கண் இல்லை என்று சொல்வார்களே, அது சரிதான்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கொப்புளப் பைத்தியமும் தெரியும். எங்கள் படகுக் கம்பெனியில் எண்ணெயும் தண்ணீரும் சோதிப்பது அவர் வேலை. ஆனால் எது உப்பினாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவார். என் தங்கை கல்யாணப் பந்தியில், இலையில் விழுந்த அப்பளத்தைத் தின்னாமல் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடும்வே, ஆறிப்போகும்" என்றேன். "மாவுக்குள்ள கெடந்த ஈரம் ஆவியாயி வெளிய வரப் பாத்திருக்கு. மேல்தோல் விடல. அதான் இந்த மேடு" என்றார். பரிமாறியவர் அப்பளத்தில் ஏதோ பூச்சி என்று நினைத்து இன்னொன்று கொண்டுவந்து போட்டார். அதையும் தூக்கிப் பார்த்தார்.

இன்னொரு நாள் ஒரு கையில் ஈரத்துணியும் மறு கையில் காய்ந்த துணியும் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் துடுப்புப் போட்டார். எந்தக் கையில் முதலில் கொப்புளம் வருகிறது என்று பார்க்கவேண்டுமாம். ஈரக் கை முந்திக்கொண்டது. "ஐயா கையில கொப்புளம் பயிர் பண்ணுதாவ" என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். "அறுவடையும் ஆயிட்டு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

நானும் சிரித்தவன்தான். அந்தப் பைத்தியம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சரக்கு ஏற்றும் இரும்புப் படகு ஒன்றுக்குப் புதிதாகப் பெயிண்டு அடித்துக் கடலில் இறக்கினோம். இரண்டே மாதத்தில் அம்மை போட்டதுபோல் அடிப்பக்கமெல்லாம் கொப்புளம். பெயிண்டு கிடைக்காத காலம் அது. சூசை நல்ல பெயிண்டை வெளியே விற்றுவிட்டு, மீதியில் மண்ணெண்ணெய் கலந்து அடித்துவிட்டார் என்று மானேஜருக்கு எழுதியது நான்தான். ஸ்டோர் கிளார்க் என்ற மிதப்பு. ஆதாரம் ஒன்றும் கிடையாது, கோபம் மட்டும் இருந்தது. புன்னைக்காயலில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஒரு சம்பளத்தை நம்பியிருந்தவர் சூசை. மாதா மேல் ஆணையிட்டார். மானேஜர் கேட்கவில்லை, வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார். சிவஞானம் குறுக்கே போய் ஒரு மாதத் தவணை வாங்கினார்.

கரையேற்றிய படகின் கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தி, வந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார். "கடல்ல கெடந்த படகுல உப்பில்லாம சர்க்கரையா இருக்கும்?" என்று கேட்டேன். "கடலை வெளிய நிறுத்தத்தானவே பெயிண்டு அடிக்கோம்? மேல ஒரு கீறல் இல்ல. உப்பு எப்படி உள்ள போச்சு?" என்றார்.

இரண்டு இரும்புத் தகடுகளை எடுத்தார். ஒன்றைக் கடல்தண்ணீரிலும் மற்றதை நல்ல தண்ணீரிலும் கழுவிக் காயவைத்தார். ஒரே டப்பா பெயிண்டை, சூசையைக்கொண்டே இரண்டிலும் அடிக்கவைத்து, ஒரே கடல்தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மாதக் கடைசியில் முதல் தகடு முழுக்கக் கொப்புளம், மற்றது மழமழவென்று இருந்தது. கழுவிய கடல்தண்ணீர் காய்ந்ததும் உப்பு தகட்டிலேயே தங்கிவிடுகிறது. பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கிறது.

நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். படகு கழுவ நல்ல தண்ணீர் கொடுக்கக்கூடாது, கடலில் அள்ளிக் கழுவுங்கள் என்று உத்தரவு போட்டவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் சிவஞானம் அந்த இரண்டு தகடுகளையும் என் மேஜையில் வைத்தார். "திங்கக்கெழம பத்து மணிக்கு மானேஜர்ட்ட காட்டணும். கடல்தண்ணியில கழுவச் சொன்னது யாருன்னு நான் இன்னும் எழுதல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே மானேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார், கேட்டுக்கொண்டேன். பிறகு சூசையிடம் போய் நின்றேன். அவர், "தண்ணி குடுங்கய்யா, நான் கழுவிக்கிடுதேன்" என்றார். இன்று அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே பெயிண்டு டப்பாவைத் திறக்கிறார்கள்.

ரொம்ப நாள் கழித்துச் சிவஞானத்திடம் கேட்டேன்: "நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா?"

"பத்து மணிக்கு நான் சொல்லிருப்பேன். சூசை பொழப்புல மண் விழ விட்டுருவேனா? அதுக்கு முன்னால ஒமக்கு ரெண்டு நாள் உண்டும்லா" என்றார்.

அந்த இரண்டு நாளைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். யாருடைய தவறாவது கண்ணில் பட்டால் உடனே எழுதிவிடக் கை பரபரக்கிறது. பேனாவை மூடிவிட்டு, எனக்குத் தெரியும் என்பதை மட்டும் தவறு செய்தவரிடம் சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கிறேன். இரண்டு நாளில் அவர்களே வந்து ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். வராமல் இருந்தவர் ஒரே ஒருவர். சிவஞானத்தை நினைத்து அவருக்கு மூன்றாவது நாளும் கொடுத்தேன். வந்தார்.