மின் லாரிக்கு ஒரு கையெழுத்து

நல்ல காரியத்துக்குக் கையெழுத்து வாங்குவதைப் போல ஆளைச் சலிக்க வைக்கும் வேலை வேறில்லை. படிவமும் பேனாவுமாகப் படியேறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கு வண்டிகள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாற அரசு வரைவு விதிகள் வெளியிட்டிருக்கிறது. அவற்றுக்கு ஆதரவு திரட்டுவதுதான் எங்கள் சிறிய அமைப்பில் என் வேலை.

கிடங்கு இல்லாதவர்

தி.நகர் லோடு வண்டி ஸ்டாண்டில் முனுசாமி அண்ணனைப் பிடித்தேன். சொந்தமாக ஒரு பழைய குட்டியானை மினி லாரி வைத்து, பீரோ கட்டில் ஏற்றிப் பிழைப்பவர். பேச்சுக்குப் பேச்சு இருமினார். புகையை விட்டு விலகச் சொல்லிவிட்டாராம் டாக்டர். இவரைவிட நல்ல ஆள் கிடைக்குமா? பேனாவை நீட்டினேன்.

விதிகளை வாசித்துக் காட்டச் சொன்னார். பெரிய கம்பெனிகள் தங்கள் கிடங்கிலேயே சார்ஜர் வைக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனுக்கு ஏது சார் கிடங்கு? வூடு மூணாவது மாடி, வண்டி ரோட்டுல நிக்குது. ஜன்னல் வயியா ஒயர தொங்க வுடறதா?"

காபியோடு ஆதரவு

மயிலாப்பூர் அடுக்ககம் ஒன்றின் செயலாளர் மாமி, நான் வாயைத் திறக்குமுன்னே கையெழுத்துப் போட்டார். டீசல் புகையில் பால்கனியில் உலர்த்தும் வேட்டியெல்லாம் கருக்கிறதாம். மற்ற வீட்டாரிடமும் அவரே வாங்கித் தந்தார். காபி வேறு.

அந்தத் தெம்பில் முனுசாமியின் சங்கடத்தைச் சொன்னேன். பகலில் உங்கள் வளாகத்தில் சார்ஜ் போட இடம் தருவீர்களா, கட்டணம் கொடுத்துவிடுவார் என்றேன். "சட்டம் நன்னா வரட்டும். அதுக்காக லாரியெல்லாம் நம்மாத்து வாசல்ல நின்னுண்டு இருக்கணுமா?"

டிக்

முனுசாமி போலக் கிடங்கு இல்லாதவர்களுக்காக விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நாமே எழுதலாமா என்று எங்கள் அடையாறு அலுவலகத்தில் கேட்டேன். மேலதிகாரி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆதரவுக் கட்டத்துல டிக் போட்டாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மைக்

கருத்துக் கேட்புக் கூட்டம் கிண்டியில் நடந்தது. நான் கூப்பிட்டதற்காக ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு முனுசாமி வந்திருந்தார். ஆதரவா, எதிர்ப்பா என்று அரசு அதிகாரி அவசரப்படுத்தினார். மைக்கைப் பிடித்ததும் முனுசாமிக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கும்வரை மண்டபமே காத்திருந்தது.

"ஆதரவுதான் சார். இந்தப் பொகைய என்னியவிட யாரு துண்ணுகினு கீறாங்க? எங்க ஸ்டாண்டுல ஒரு பிளக்கு வெக்கணும்னு ஒரு வரி எய்துங்க. நாளைக்கே வண்டிய மாத்திக்கிறேன்."

லாரி ஓட்டாதவர்களின் கையெழுத்தைக் கட்டுக் கட்டாக வாங்கிவிட்டேன். ஓட்டுகிறவரின் கையெழுத்து மட்டும் இன்னும் ஒரு பிளக் தூரத்தில் இருக்கிறது.