வயது மதிப்பிடுகிறவனைப் பார்க்கப் போன கோடைகள்

1994 ஆவணி, சனிக்கிழமை, காலை 8.10. கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் வாசலிலிருந்து செல்வம் அண்ணையின் வான் புறப்பட்டது. அண்ணை எங்கள் மாடியிலேயே இரண்டு கதவு தள்ளி இருந்தவர். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் யாரையாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அன்று போனது 96 கிலோமீற்றர் தள்ளி, ஒரு சிற்றூரின் விவசாயக் கண்காட்சிக்கு. ஊரின் பெயரை எழுதமாட்டேன். அது அம்மாவிடமிருந்து தொற்றிய பழக்கம். மற்றதையெல்லாம் உள்ளபடி எழுதுகிறேன்.

அம்மா முன் சீற்றில் இருந்தார், மடியில் கறுப்புப் பை. எங்கள் குடிவரவுக் கடதாசிகள் முழுவதும் அதற்குள்தான். கோயில், மரக்கறிக் கடை, உடுப்புத் தோய்க்கும் அறை, எங்கே போனாலும் அது கூடவே போகும். வீட்டில் விட்டால் கட்டடக் காவலாளி கதவைத் திறந்து வாசிப்பான் என்பது அம்மாவின் கட்சி. அந்த மனிதருக்குத் தன் தபாலை வாசிக்கவே நேரமில்லை.

அந்தப் பைக்குள் எனக்கு வயது பதின்மூன்று. உண்மையில் பதினாறு. மூன்று வருடத்துக்கு முன், கொழும்பில் எங்களை அனுப்பிய ஏஜென்ற், "பத்து வயசெண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்" என்று மூன்று வயதைக் கழித்துவிட்டார். நிரந்தர வதிவிடத்துக்கான நேர்காணல் புரட்டாசியில் வரவிருந்தது. வயது பிழையென்று பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன். வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்றேன். பதினாறு முடிந்த அன்று அம்மா கதவைப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் தந்தார். வெளியே சொல்ல முடியாத வயதில் இருப்பது பெரிய தனிமை. பாயசத்தைக் குடித்துவிட்டு அழுதேன்.

9.35. நுழைவு ஆளுக்கு ஆறு டொலர். வாசலில் ஒரு பெண் எங்கள் புறங்கையில் ஊதா மை முத்திரை குத்தினாள்.

"கையில என்னத்துக்கு முத்திரை? நாங்கள் என்ன மாடே?" அம்மா சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டு அழித்தார், எனக்கும் அழித்துவிட்டார்.

உள்ளே உண்மையிலேயே மாடுகள் இருந்தன. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிய ஆடுகள், ஆள் உயரச் சோளம், கண்ணாடிக்குள் சிவப்பு ரிபன் கட்டி வைத்த, பழம் அடைத்துச் சுட்ட பலகாரங்கள். ஒவ்வொரு பலகாரத்திலும் ஒரு துண்டு குறைந்திருந்தது. யார் தின்றது என்று அம்மா செல்வம் அண்ணையிடம் விசாரித்தார். நடுவர்கள்தான் என்றார் அவர். அம்மா நம்பவில்லை.

11.20. அம்மா கழிப்பறை வரிசையில் நின்றார். பையை என்னிடம்கூடத் தரவில்லை. அந்த நேரத்தில்தான் செல்வம் அண்ணை அந்த ஆளைக் கண்டார். வைக்கோல் தொப்பி, கையில் மைக், பக்கத்தில் ஒரு முக்காலி. இரண்டு டொலர் கொடுத்தால் உங்கள் வயதை மதிப்பிட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுவான். பிறகு நீங்கள் வயதைச் சொல்லவேண்டும். அவன் மதிப்பு இரண்டு வருடத்துக்கு மேல் பிழைத்தால் உங்களுக்கு ஒரு கரடிப் பொம்மை.

"ஏறி இரு பிள்ளை, உன்ர உயரத்துக்கு உவன் ஏமாறுவான்," என்றார் அண்ணை. எங்கள் இரகசியம் அவருக்குத் தெரியாது. நான் மறுக்கமுன் காசைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆள் என் கழுத்தைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான், எழுதினான். வயதென்ன என்று மைக்கை நீட்டினான். பதின்மூன்று என்றேன். கடதாசியைத் தூக்கிக் காட்டினான்: 16. சனம் கைதட்டியது. ஒரு நீலக் கரடியைத் தந்தான். மைக்கை விலக்கி, "எனக்கு இவ்வளவு பிழைப்பதில்லையே," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

திரும்பினால் அம்மா நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"உவன் ஆர்? என்னத்துக்கு எழுதினவன்? பொக்கற்றுக்குள்ள வச்சவன், கண்டனியே?"

"அது விளையாட்டு, அம்மா."

"விளையாட்டோ? வெள்ளையள் சும்மா ஆற்றையும் வயசை எழுதி வைப்பினமோ? இமிக்கிரேசன் ஆள்தான் உவன்."

401 நெடுஞ்சாலை முழுக்க அம்மா கரடியின் வயிற்றை அமத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டியும் பார்த்தார். உள்ளே ஸ்பொஞ்சு. திருப்பித் தைத்தார்.

புரட்டாசியில் நேர்காணல். அதிகாரி கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயதுக்கு மிஞ்சிய உயரம் என்றார். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தகப்பன் பக்கம் எல்லோரும் உயரம் என்றார். அப்பா ஐந்தடி இரண்டங்குலம். அதிகாரி சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அடுத்த ஆவணியில் அம்மாவே செல்வம் அண்ணையின் கதவைத் தட்டினார்: "தம்பி, உந்தக் கானிவலுக்கு இந்த முறையும் போவமே?" வயது மதிப்பிட்டவன் அங்கே நின்றால் கானிவல்காரன், நிற்காவிட்டால் இமிக்கிரேசன் கந்தோர்க்காரன். அதுதான் அவர் கணக்கு. அவன் நின்றான். அதற்கடுத்த வருடமும் நின்றான். அம்மாவின் சந்தேகம் மட்டும் குறையவில்லை. இரண்டு கோடையும் முப்பதடி தள்ளி, சோளக் கடை நிழலில் நின்று, வெண்ணெய் பூசிய சோளத்தைக் கடித்தபடி அவனை உளவு பார்த்தோம். அம்மா இரண்டு சோளம் தின்பார். இன்று யோசித்தால், கனடாவில் நாங்கள் சிரித்துக்கொண்டு நின்ற நாட்கள் அவைதான்.

1997, அதே கண்காட்சி, பகல் 12.05. குடியுரிமைச் சான்றிதழ் வந்து இரண்டு மாதம். அதில் எனக்குப் பதினாறு. நான் அம்மாவிடம் சொல்லாமல் நடந்துபோய் முக்காலியில் ஏறினேன். என் இரண்டு டொலர். அவனுக்கு என்னை ஞாபகமில்லை. கழுத்து, விரல், எழுதினான், மைக்கை நீட்டினான். சோளக் கடைப் பக்கம் அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"பத்தொன்பது," என்றேன். இந்த நாட்டில் என் உண்மை வயதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவன் கடதாசியைத் தூக்கினான்: 19. கரடி இல்லை. அந்தத் துண்டைத் தருவாயா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுத் தந்தான்.

அம்மா ஏசவில்லை. துண்டை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். வெயிலுக்கு நேரே பிடித்தும் பார்த்தார்.

3.40. திரும்பும் வழியில் செல்வம் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, இந்த முறை கரடி இல்லையோ?"

"இல்லை அண்ணை. தோத்திட்டன்."

அம்மா கறுப்புப் பையைத் திறந்தார். எங்கள் சான்றிதழ்களுக்கு நடுவே அந்தத் துண்டை மடிக்காமல் வைத்து, சிப்பை இழுத்து மூடினார்.

"உவன் சரியான ஆள், தம்பி," என்றார்.