மோட்டார் கொட்டகைத் தாள்

எங்கள் வீட்டில் பிரிண்டர் வாங்கியது கேள்வித்தாள் அடிக்கத்தான். பாகூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் நான். ஆனால் அந்த மெஷின் பள்ளிக்கு உழைத்ததைவிட எங்கள் போர்வெல்லுக்கு உழைத்ததுதான் அதிகம்.

என் கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்த நாளிலிருந்து பேசிக்கொள்வதில்லை. நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், போர்வெல்லை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும், சின்ன மாமனாருக்கும், அவர் மகளுக்கும் பங்கு. யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாறும். பேச்சுவார்த்தையே இல்லாத இடத்தில் அதை யார் போய் யாரிடம் சொல்வது? அதனால் நான் டைப் செய்து, பெரிய எழுத்தில் ஒரே தாளில் அடித்து, மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுவேன். மேலே தலைப்பு, கீழே நாலு வீட்டுக்கு நாலு கட்டம். அவரவர் வந்து பார்த்துக்கொண்டு போவார்கள். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, குடும்பத்தையே நானும் என் பிரிண்டரும்தான் கட்டிக்காக்கிறோம் என்கிற மாதிரி.

மூத்தவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, பயிரைப் பார்த்துக்கொள்கிறவர். மூத்தவர் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். எனக்கும் அக்காவுக்கும் சொந்தமாக ஒரு சண்டையும் கிடையாது. ஆம்பளைகள் பேசவில்லை, அதனால் நாங்களும் பேசவில்லை, அவ்வளவுதான். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவோம்.

போன சித்திரையில், என் கணவரின் சிநேகிதர் ஒருவர் சனிக்கிழமை வந்து, நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்தவர் எழுத்துருக்களை மறந்துவிட்டார். ஞாயிறு காலை முறைத்தாளைத் திறந்தால், ‘திங்கள்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கொக்கியும் நட்சத்திரமுமாக இறைந்து கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்தப் பழைய ஃபான்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்தது.

புது எழுத்து பழையதைவிடத் தடிமன், வரிக்கு வரி இடைவெளியும் அதிகம். அதை நான் கவனிக்கவில்லை. முதல் தாள் வந்தது. அடுத்த தாள் கேட்டுப் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டியது. கடைசியில் ஒரு வெற்றுத்தாளைத் துப்புவது அதற்கு வழக்கம்தான், இன்னொரு தாளை வீணாக்குவானேன் என்று கேன்சலை அழுத்தினேன். தமிழ் எழுத்து தமிழாகவே வந்துவிட்ட சந்தோஷத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் போய் ஒட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சின்ன மாமனார் வந்தார். முழுப் பரீட்சை நேரம், மதியமே நான் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். கொட்டகைச் சாவி எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டில் இருக்க வேண்டும். அதைக் கொடுக்கத்தான் வந்திருந்தார்.

“இன்னிக்கு மூணுலேர்ந்து அஞ்சு ஒங்க முறை. அஞ்சுக்கு மோட்டாரு கரென்ட்டு பூடும்” என்றவர், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். “இன்னாம்மா, மூத்தவன் வூட்ட எடுத்துட்டீங்களா?”

“எதுலேர்ந்து மாமா?”

“முறையிலேர்ந்துதான். திங்கக்கெழம அவன் பொண்டாட்டி வந்து சாவி கேட்டுது. பேப்பர்ல இல்லியேன்னேன். ஒண்ணும் பேசாத பூட்டுது. நாத்தாங்கால் காஞ்சிக்கினு கீது.”

“நீங்களாவது குடுத்திருக்கலாமே மாமா.”

“குடுத்துட்டு? போன வருஷம் அவங்களுக்கு ஒரு மணி நேரம் சேத்து வுட்டதுக்கு ஒன் வூட்டுக்காரன் இன்னா ஆட்டம் ஆடினான்? பேப்பர்ல இருந்தா குடுப்பேன். அவ்ளோதான்.”

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தின் உச்சியில், தன்னந்தனியாக நாலாவது கட்டம். மூத்தவர் வீடு, திங்கள், புதன், சனி. நான் கேன்சல் அழுத்தியது அதைத்தான்.

வேண்டுமென்றே விட்டோம் என்றுதான் அக்கா நினைத்திருப்பாள். வேறு எப்படி நினைப்பாள்? நாலு நாளாக நாற்று காய்கிறது, ஐந்து மணிக்கு மோட்டார் கரென்ட் போய்விடும். சரியான தாளோடு போக வேண்டும், எழுத்து மாறியதால் ஆன தப்பு என்று காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எழுத்தைச் சின்னதாக்கினேன். நாலு கட்டமும் ஒரே பக்கத்துக்கு வந்தது, ஆனால் பிரிண்டில் கடைசி வரியின் பாதியை விளிம்பு தின்றுவிட்டது. ஓரத்தைக் குறைத்தேன். இப்போது மை வரவில்லை, கறுப்பு எழுத்தெல்லாம் வரிவரியாக வெளுத்து வந்தது. சுத்தம் செய்கிற பட்டனை மூன்று முறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் அது உறுமி, யோசித்து, மறுபடி உறுமியது. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த தாள் கறுப்பாக வந்தது, எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கட்டமாக. வேறு எழுத்துருவைப் போட்டேன். தாள் சிக்கியது. பின்மூடியைத் திறந்து இழுத்ததில் பாதி கிழிந்து உள்ளேயே நின்றது. புருவம் பிடுங்குகிற சாமணத்தால் அதை எடுத்தேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இந்தச் சனியனிடம் இன்றைக்கு நான் தோற்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் பார்க்கவில்லை.

கடைசியில் வந்தது. நாலு கட்டமும் நேராக, ஓரம் அளவாக, கொம்பெல்லாம் அதனதன் இடத்தில். தாளை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

அவர்கள் வீடு எங்களிடமிருந்து ஐந்தாவது வாசல். ஆனால் அவள் வீட்டில் இல்லை, கழனியில் இருந்தாள். நாற்றங்கால் வெடித்திருந்தது. நடுவில் கொஞ்சம் பச்சை, மற்றதெல்லாம் வைக்கோல் நிறம். எங்கிருந்தோ குடத்தில் சுமந்து வந்து ஒரு மூலையில் கையால் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “வேணும்னு செய்யலக்கா. ஃபான்ட்டு மாறிப்போச்சி, ஒங்க கட்டம் ரெண்டாவது பக்கத்துக்குப் போயிட்டுது. நான்தான் பாக்கல. இதோ பாருங்க, சரியா அடிச்சிக்கினு வந்துட்டேன்.”

அவள் நிமிர்ந்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் அசதிதான் இருந்தது.

“ஒனக்கு எப்போ தெரிஞ்சிது?”

“மூணு மணிக்கு. மாமா வந்து சொன்னாரு.”

“இன்னிக்கு யாரு முறை?”

“எங்கள்து.”

“மோட்டாரு சத்தமே கேக்கலியே. ஒங்க கரும்புக்குப் பாய்ச்சலியா?”

“இல்லக்கா.”

“சாவி?”

“எங்க வூட்டுலதான்.”

மோட்டாருக்குக் கரென்ட் இருந்தால் எரிகிற கொட்டகை விளக்கை மேற்கே திரும்பிப் பார்த்தாள், அது அணைந்திருந்தது. ஐந்து மணி தாண்டி எவ்வளவு நேரம் ஆயிற்றோ எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் தண்ணீர் என் மேசைமேல் கிடந்திருக்கிறது. நான் விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி வைத்தும் பார்த்தாள். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

“எழுத்து நல்லா வந்திருக்குது.”