ஒரு டப்பாவுக்கு ஒரு பெட்டி

பேனாக்கத்தியின் நுனியை அடியில் நுழைத்து, ஓரம் கிழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெல்டா அந்தச் சீட்டை அட்டைப்பெட்டியிலிருந்து உரிக்கிறார். உள்ளங்கை அகலம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சாய்சதுரம், நடுவில் ஒரு தீச்சுடர். முழுதாகக் கையில் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

"அம்பத்தஞ்சு டாலர்," என்கிறார் என்னிடம். "இந்த விலைக்கு இதுல என் போட்டோவையாவது போட்டிருக்கலாம்."

இறைச்சி வைக்கும் ஃப்ரீசரின் கதவில் இப்படிப் பதினொரு சீட்டுகளை ஒட்டிவைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் அந்த வருஷத்துக் கட்டணத்தைக் கறுப்பு மையால் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் வளர்வதைக் கதவு நிலையில் கோடு போட்டுக் குறிப்பார்களே, அதுபோல. இருபதில் ஆரம்பித்தது. "என் சொந்தப் பசங்ககூட இவ்வளவு வேகமா வளரல," என்பார்.

வெல்டாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டினார். எட்டாம் வகுப்பு வரை, அதாவது நான் படித்தவரை, நானும் அதில் போனவள்தான். மேசையில் உட்கார்ந்தால் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைப்பதுபோல அகட்டி வைப்பார். பின்னால் நிற்பவரோடு பேச வேண்டுமானால் திரும்பமாட்டார். தலைக்கு மேலே ஒரு கண்ணாடி தொங்குவதுபோல நிமிர்ந்து பார்த்துப் பேசுவார். ஊரில் பாதிப் பேர், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்கூட, அந்தப் பார்வைக்கு இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தோட்டாவை அவர் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, அடியில் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் ஈயத்தைப் பொருத்தி அழுத்தித் தானே செய்துகொள்கிறார். துணி துவைக்கும் அறையில் அதற்கென்று ஒரு மேசை. அந்த நேரத்தில் ரேடியோ கிடையாது, தொலைபேசி கிடையாது, நாய் வெளியே. இங்கே பல வீடுகளில் இப்படித்தான். தாத்தா காலத்துத் துப்பாக்கிகளுக்கு எந்தக் கடையிலும் தோட்டா வருவதில்லை. வந்தாலும், இருபது தோட்டா விலையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கலாம்.

மருந்து மட்டும் தபாலில் வர வேண்டும். அங்கேதான் அந்த அபாயப் பொருள் கட்டணம் குறுக்கே நிற்கிறது. பெட்டிக்கு ஐம்பத்தைந்து டாலர். பெட்டிக்குள் ஒரு பவுண்டு இருந்தாலும் அதுதான், நாற்பத்தெட்டு பவுண்டு இருந்தாலும் அதுதான்; அதற்கு மேல் ஒரு பெட்டியில் அனுப்பமாட்டார்கள். ஒரே ஒரு பவுண்டு டப்பா வாங்குகிறவர் மருந்து விலையைவிட அதிகமாக அந்தச் சீட்டுக்குக் கொடுக்கிறார்.

நான் தீவனக் கடையில் கல்லாவில் நிற்பவள். ஊருக்கு வரும் பார்சல்கள் இங்கேதான் இறங்கும். அந்தப் பெட்டி நாய் பிஸ்கட் மூட்டைக்கும் யாரோ ஒருவரின் திரைச்சீலைக்கும் நடுவில் அதே வண்டியில் வந்து, அதே உதையில் உள்ளே தள்ளப்படுவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். வெல்டா ஒருமுறை வண்டிக்காரரை நிறுத்திக் கேட்டேவிட்டார்.

"ஏன்டா தம்பி, இந்தப் பெட்டிக்குத் தனியா மெத்தை போட்டுக் கூட்டிட்டு வந்தியா?"

"இல்லைங்களே."

"பக்கத்துல ஒரு தீயணைப்புக்காரனாவது உக்காந்து வந்தானா?"

"நான் மட்டும்தான் வந்தேன்."

"அப்ப என் அம்பத்தஞ்சு டாலர் யாருக்குப் போகுது?"

"எனக்கு வரலைங்க," என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.

என் கல்லாவுக்குப் பின்னால் உரக் கம்பெனி நாட்காட்டி தொங்குகிறது. அதன் ஆகஸ்ட் மாதத் தாளின் பின்பக்கம்தான் வெல்டாவின் பட்டியல். வேண்டியவர்கள் வந்து பெயரையும் எத்தனை டப்பா என்பதையும் எழுதிவிட்டுப் போவார்கள். நாற்பத்தெட்டு நிறைந்ததும் வெல்டா ஒரே ஆர்டராகப் போடுவார். ஒரு பெட்டி, ஒரு கட்டணம், டப்பாக் கணக்கில் எல்லோருக்கும் பங்கு. தாளின் தலைப்பில் அவர் கையெழுத்திலேயே ஒரு சட்டம் உண்டு: வரம்பைத் தாண்டுகிறவர் இரண்டாவது பெட்டியின் கட்டணத்தைத் தாமே ஏற்க வேண்டும்.

இந்த வருஷம் நாற்பத்தேழில் நின்றிருந்தது. எட்டு டப்பா எழுதியிருந்த கர்ட்டிஸ், ஒன்பதாக்கலாமா என்று யோசித்துக்கொண்டே காபி குடித்தார். அப்போது நடீன் உள்ளே வந்தாள். அவள் கணவர் மார்ச்சில் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்தவர். இன்னும் முதுகுப் பட்டையோடுதான் நடக்கிறார். மூன்று பிள்ளைகள். அவளிடம் எல்க் மான் சுடும் உரிமச் சீட்டு இருக்கிறது, மாமனாரின் துப்பாக்கியும் காலிக் கூடுகளும் இருக்கின்றன, மருந்துதான் இல்லை. ஒரு எல்க் விழுந்தால் அந்த வீட்டில் ஏப்ரல் வரை இறைச்சிக்குக் கவலையில்லை. போன மாதம் வெல்டா அவளுக்கு இருபது தோட்டா சும்மா கொடுத்துப் பார்த்தார். நடீன் அதை அவருடைய வண்டி இருக்கையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தானம் வேண்டாம். பட்டியலில் பெயர் வேண்டும்.

வெல்டா பேனாவை அவளிடமே கொடுத்தார். "எழுதும்மா. நாப்பத்தெட்டு. கணக்கு முடிஞ்சுது." கர்ட்டிஸ் காபிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

கம்பெனிக்காரர்கள் இந்த வருஷம் தொலைபேசி ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். வெல்டா நூலகத்துக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து ஆர்டர் போட்டார். "எங்க பாட்டி எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு மட்டும்தான் கேக்கல," என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை பெட்டி வந்தது. திறந்து எண்ணினோம். நாற்பத்தேழு.

வெள்ளிக்கிழமை இன்னொரு பெட்டி வந்தது. அதே அளவு, அதே சிவப்பு வெள்ளைச் சீட்டு. கனமாக இருக்கும் என்று நினைத்துத் தம் பிடித்துத் தூக்கினேன்; லேசாக இருந்ததால் கை மேலே எகிறியது. உள்ளே கசக்கிய காகிதம். வெல்டா இழுத்தார், இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. அடியில் ஒரே ஒரு டப்பா. கூடவே ரசீது: அபாயப் பொருள் கட்டணம், ஐம்பத்தைந்து டாலர்.

வெல்டாவின் கழுத்து சிவந்தது. என் கல்லாவில் இருந்த தொலைபேசியை எடுத்து, காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"கையிருப்புல ஒரு டப்பா குறைஞ்சுதுங்க மேடம்," என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். "வந்ததும் அனுப்பிட்டோம்."

"உங்ககிட்ட சரக்கு இல்லாததுக்கு நான் ஏன்மா காசு குடுக்கணும்?"

"பெட்டிக்கு ஒரு கட்டணம்ங்க. எல்லாம் சேர்ந்ததும் அனுப்பவும்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நீங்க டிக் போடலை."

வெல்டா ரசீதைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கட்டத்தை அவர் பார்க்கவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி, போடலை. நீ சொல்லு. ஒரு டப்பா, பாக்கி பூரா காகிதம். இதுல அபாயம் எங்கம்மா இருக்கு? டப்பாலயா, காகிதத்துலயா?"

"எங்க விதிமுறை அப்படிங்க மேடம்."

"உன் மேல கோவம் இல்ல கண்ணு. உனக்கு மேல இருக்கறவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, நான் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரே ஒரு புள்ளை ஏறினா அதுக்கு அம்பது பேர் டிக்கெட் கேட்டதில்லைன்னு."

"சொல்றேங்க," என்றாள் அந்தப் பெண். நிச்சயமாகச் சொல்லியிருக்கமாட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பங்கு போடுவது. வெல்டாவைத் தவிரப் பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்லின் இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்திருந்தார். நாற்பத்தேழு டப்பாக்களையும் கல்லா மேல் அடுக்கியிருந்தேன். இந்த வருஷம் கிடைத்தது ஒரே ரகம்தான், எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு டப்பா. நாற்பத்தெட்டாவது மட்டும் தன் பெரிய பெட்டிக்குள், காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வெல்டா நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"டிக் போடாதது நான். அந்த அம்பத்தஞ்சுல பாதி என் தலையில. மீதிப் பாதியை நாப்பத்தெட்டு டப்பாவுக்கும் பிரிச்சா டப்பாவுக்கு அறுபது சென்ட்கூட வராது. முடிஞ்சுது கதை."

"ஒரு நிமிஷம் வெல்டா," என்றார் கர்ட்டிஸ். "பதினொரு வருஷமா பெட்டி, பெட்டின்னு எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. இப்ப ஒரு கட்டத்தைப் பாக்காம விட்டுட்டு எங்ககிட்ட வந்து நிக்கறீங்க."

"பாக்கலைதான். சொல்லிக்காட்டிட்ட இல்ல? ரொட்டியைத் தின்னு."

"காசுக்காகச் சொல்லல. சட்டம்னு ஒண்ணு இருக்கே. தாள் மேல நீங்கதானே எழுதினீங்க? கடைசியா வந்தவங்க டப்பாதான் ரெண்டாவது பெட்டில வந்திருக்கு. அந்தக் கட்டணம் அவங்களோடதுதான்."

"வரம்பைத் தாண்டினாத்தான்டா அது! அவ நாப்பத்தெட்டு. வரம்பு நாப்பத்தெட்டு. நீ ஒன்பதாவது எழுதியிருந்தா இது உன் டப்பா. அப்பவும் இதே சட்டம் பேசுவியா?"

ஆர்லின் தொண்டையைச் செருமினார். "கர்ட்டிஸ் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குங்க."

கதவருகில் நின்ற நடீன், பணம் வைத்திருந்த உறையை ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். "பரவாயில்ல வெல்டா. இந்தத் தடவை எனக்கு வேண்டாம். வேற யாராவது எடுத்துக்கட்டும்."

மற்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. அவளுடைய பிள்ளைகளை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அறுபது சென்ட். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கூட்டத்தில் வாயைத் திறந்து பழக்கமில்லாத நான் ரசீதுப் புத்தகத்தை நேராக வைத்தேன்.

"நில்லு பொண்ணே," என்றார் வெல்டா, திரும்பாமல், மேலே பார்த்து. பிறகு மற்றவர்களைப் பார்த்தார். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரு டப்பாவுக்கு ஒரு பெட்டி போட்டுக் காசு புடுங்கறானே, அவனை இத்தனை வருஷமா நான் திட்டறேன். எங்கயோ இருக்கான், முகம் தெரியாதவன். நீங்க என் பஸ்ஸுல வந்தவங்கடா. கர்ட்டிஸ், மூணாவது படிக்கறப்ப பனியில பூட்ஸைத் தொலைச்சுட்டு நின்னியே, உன்னை ஏத்திக்கறதுக்காக வண்டியைப் பின்னாடி எடுத்தேன். அப்ப யாராவது கேட்டாங்களா, இவன் ஒருத்தனுக்காக ஏன் நிறுத்தணும்னு?"

"அது வேற விஷயம் வெல்டா."

"என்ன வேற?"

வெல்டா பெரிய பெட்டிக்குள் கையை விட்டு அந்த ஒற்றை டப்பாவை எடுத்தார். என் அடுக்குக்கு நடுவில் செருகினார். பிறகு இரண்டு முழங்கைகளையும் கல்லா மேல் ஊன்றி, சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல, நாற்பத்தெட்டையும் கலைத்தார். டப்பாக்கள் உருண்டன. ஒன்று ஆர்லினின் ரொட்டித் தட்டில் போய் இடித்தது. கலைத்து முடித்ததும் பார்க்காமல் ஒன்றை எடுத்து நடீனின் கையில் வைத்தார்.

"இப்ப சொல்லுங்க. எது தனியா வந்துச்சு?"

கர்ட்டிஸ் மெல்லச் சிரித்தார். டப்பாவின் அடியில் தொகுதி எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பின்னால் வந்ததன் எண் மாறியிருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் நடீனின் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு எண் தெரிந்தது. நான் மறுபடியும் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

கர்ட்டிஸ் மூக்குக்கண்ணாடி கொண்டுவருவதேயில்லை. விலைச் சீட்டோ, மருந்தின் அளவோ, எதைப் படிப்பதற்கும் வெல்டாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்வார். அதே பழக்கத்தில், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு கையை வெல்டா பக்கம் நீட்டினார்.

வெல்டா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காம்பை மடித்தார், மறு காம்பை மடித்தார். அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார்.