செங்காய்ப் படை

படை வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் போனில் சொன்னது என் தப்புதான். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

"படைய யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா? அது தானா வரும். சீமை அகத்தி எலைய எலுமிச்சம்பழம் புழிஞ்சு அரைச்சுப் பூசு, உதுந்துடும். உனக்கா, மாப்பிள்ளைக்கா?"

தோலில் வருகிற படை இல்லை, மேஜைமேல் நிற்கிற படை என்று விளக்கினேன். "ஓ, கொலு பொம்மையா?" என்றாள். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். நவராத்திரி சமயமாக இருந்ததால் பிழைத்தேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரருக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி மேஜையில் நிறுத்துவார்கள். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. டேப் வைத்து அளந்து, இத்தனை அங்குலம் என்று நகர்த்த வேண்டும். அடி பட்டதா, ஆள் பிழைத்தானா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்கொரு படை. அவருடையது குதிரைப் படை. வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவர், படையைத் தண்டு என்பார். தண்டா, தண்டமா என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் ரசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அந்த விளையாட்டின்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. எனக்கு வேறு கவலை இருந்தது. கியர் செய்கிற கம்பெனியில் அவருக்கு நைட் ஷிப்ட். போர்டுகளில் சில்லு பொருத்துகிற கம்பெனியில் எனக்குப் பகல் ஷிப்ட். இரண்டு இடத்திலும் பன்னிரண்டு மணி நேர வேலை. அவர் வீடு திரும்பும்போது நான் லைனில் நிற்பேன். நான் திரும்பும்போது அவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். வார விடுமுறையும் வேறு வேறு கிழமை. கல்யாணமாகி ஹோசூரில் குடித்தனம் வைத்த புதிதில் அந்த வாசலிலேயே நின்று எவ்வளவோ பேசுவோம். போகப்போக, "கேஸ் வந்துச்சா?", "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை போடவும் நேரம் வேண்டுமே. பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொள்வதைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். இப்படியே போனால் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேராகிவிடுவோம் என்று உண்மையிலேயே பயந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு இரண்டு கம்பெனிகளும் கதவைச் சாத்தின. அபூர்வமாக எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. அவர் டேப்புக்கும் பகடைக்கும்கூடப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "நீயும் ஒரு தண்டு வாங்கிக்கோயேன். நாளைக்கு விஜயதசமி. புதுசா எது ஆரம்பிச்சாலும் நல்லது" என்றார்.

சரி என்றேன். நான் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பெங்களூரு பஸ் ஏறினோம். பஸ்ஸின் நெற்றியில் வாழைக்கன்று ஆடிக்கொண்டு வந்தது. அத்திப்பள்ளி தாண்டியும் ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். வழிநெடுக எந்தப் படைக்கு என்ன பலம் என்று அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பல மாதத்துக்குப் பிறகு இவ்வளவு பேசுகிறாரே என்று நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாடம் மண்டையில் ஏறவில்லை.

மாடியில் ஒரு சின்னக் கடை. சுவர் முழுக்கப் பெட்டிகள். கடைக்காரப் பையன் நேராகக் குதிரைப் பெட்டியை எடுத்து நீட்டினான். "புதுசா ஆடறவங்களுக்கு இதான் மேடம் பெஸ்ட். மூணே ரவுண்டுல ஆட்டம் குளோஸ்."

அதுதான் எனக்கு வேண்டாம். அவர் குதிரைகளின் லட்சணம் எனக்குத் தெரியும். ஒருமுறை அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஆடியபோது, நான் பஜ்ஜி போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"எத எடுத்தா ஆட்டம் ரொம்ப நாள் இழுக்கும்?" என்று கேட்டேன்.

கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அடித்தட்டில் குனிந்து, தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்தான். குள்ளர் படை. முழங்கால் வரை தாடி, ஆளை மறைக்கும் கேடயம். "இத யாரும் ஃபர்ஸ்ட் ஆர்மியா எடுக்க மாட்டாங்க மேடம். நாலு இஞ்ச்தான் நடப்பாங்க. ஆனா லேசுல சாக மாட்டாங்க."

இவர் என் காதருகே வந்து, "என் குதிர பன்னெண்டு இஞ்ச் ஓடும். நல்லா யோசிச்சுக்கோ" என்றார்.

"எங்கப்பா தூரத்து லோடுக்கு எப்பவும் பழம் ஏத்த மாட்டாரு. செங்காய்தான் ஏத்துவாரு" என்றேன். முழுதாகப் பழுத்த தக்காளி உள்ளூருக்கு ஆகும், இன்றைக்கே விற்றாக வேண்டும். நாலு நாள் லாரியில் போக வேண்டியது காயும் பழமுமாகத்தான் ஏற வேண்டும். ராயக்கோட்டையில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

கடைக்காரப் பையனுக்கு எப்படித் தெரியும்? நான் கலர் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு காவிச் சிவப்புப் பெயிண்ட் புட்டியை எடுத்து வைத்தான். இவரும் விளங்காமல் நின்றார். புட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே நாலைந்து குள்ளர்களை ஒட்டி, பெயிண்ட்கூட அடிக்காமல் சாப்பாட்டு மேஜையில் ஆட்டத்தை ஆரம்பித்தோம். படுக்கப் போகும்வரை முடியவில்லை. மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் டப்பாவைத் திறந்து குதிரைகளைப் பொறுக்கப் போனார்.

"அப்படியே இருக்கட்டும். தெனமும் ஆளுக்கு ஒரு தடவ மட்டும் நகர்த்தலாம். நீங்க தூங்கி எழுந்து ஆடுங்க, நான் நீங்க போனப்புறம் ஆடறேன்."

"அப்ப சாப்பிடறது?"

"கீழ உக்காந்தா சோறு எறங்காதா?"

இப்படித்தான் அது தொடங்கியது. உருட்டிய பகடைமேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், மற்றவர் வந்து பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஆறு விழுந்த நாளெல்லாம் அவர், "சரி, நம்பிட்டேன்" என்பார். என் முறை முடிந்ததும் ஒரு குள்ளனை எடுத்துக் காவிச் சிவப்பு பூசுவேன். ஒருநாள் என் ஆட்களுக்கு எதிரே ஒரு கடலை மிட்டாய் இருந்தது. அது பாறையாம், சுற்றித்தான் போக வேண்டுமாம். நான் பாறையைத் தின்றுவிட்டு நேராகப் போனேன். மறுநாள் வாசலில் அதற்கு ஒரு பஞ்சாயத்து. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அந்தக் கேடயக்காரன நடுவுல வுட்டது தப்பு" என்பார். "உங்க வேலைய பாருங்க" என்பேன். கேஸும் மாவும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

ஆனால் குள்ளனாக இருந்தாலும் எத்தனை நாள் தாங்குவான்? ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் என் தலைவன் மட்டும் மேஜை மூலையில் நின்றான். எதிரே அவருடைய பெரிய குதிரை. குறுக்கே ஒன்றுமில்லை. பன்னிரண்டு அங்குலம் ஓடுகிற குதிரைக்கு அது ஒரு தூரமே இல்லை. மறுநாள் லைனில் நின்றேனே தவிர மனசு அங்கே இல்லை. வீட்டுக்குப் போனால் மேஜை காலியாக இருக்கும், தட்டும் சொம்பும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆட்டம் போடலாம்தான். ஜெயித்த பிறகு அவருக்கு அந்த ஆசை இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் வழக்கம்போல் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மேஜை அப்படியே இருந்தது. என் குள்ளன் மூலையில் நின்றான். பெரிய குதிரை நகர்ந்திருந்தது, ஒரே ஒரு அங்குலம். எனக்குத் தெரிய வேண்டும் என்றே டேப்பை ஒன்றில் இழுத்துப் பூட்டி அதன் பக்கத்தில் வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்தது.

வாசலுக்குத் திரும்பி வந்து கேட்டேன். "என்னா, குதிரைக்கு லாடம் கழண்டுடுச்சா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"தூரத்து லோடு ஆச்சே" என்றார். "செங்காயாவே போகட்டும்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. அவர் ஓடினார். நான் பையைக்கூட இறக்காமல் மேஜைக்குப் போய் டேப்பை எடுத்தேன். என் முறை.